பால் பதம்

‘வாக்லி’ என்ற நீர்மூழ்கிக் கப்பல் 1974-ல் நம் கடற்படையில் சேர்ந்து, 2010-ன் கடைசியில் ஓய்வு பெற்றது. அதை மாமல்லபுரத்துக் கரையில் கொண்டுவந்து நிறுத்தி, ஜனங்கள் உள்ளே போய்ப் பார்க்கும்படி ஒரு காட்சிசாலை ஆக்கப் போவதாகச் சொன்னார்கள். விசாகப்பட்டினத்தில் ‘குர்சுரா’வை 2002-லேயே அப்படிச் செய்துவிட்டார்கள் அல்லவா? அந்த நம்பிக்கைதான். ஆனால் வாக்லி மாமல்லபுரம் வந்து சேரவேயில்லை.

எனக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. செங்கல்பட்டில் என் எதிர்வீட்டுப் பெரியவருக்கு உண்டு. அவர் அந்த ஜாதிக் கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். 91 மீட்டர் நீள இரும்புக் கூட்டுக்குள் எழுபது, எண்பது பேரோடு குடித்தனம் செய்ததைப் பேரனுக்கு நேரில் காட்டவேண்டுமென்று காத்திருந்தார். பேரன் காலேஜுக்கே போய்விட்டான். இப்போது பெரியவருக்குக் கண்ணில் நீரழுத்தம். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது.

“தம்பி, நீங்க பொம்மைக் கப்பல் ஒட்டுவீங்களே, அதிலே ஒண்ணு பண்ணிக் கொடுங்க. சின்னதா இருந்தா முழுசாத் தெரியும்” என்றார்.

350-ல் ஒரு பங்கு அளவில் செய்தால் 26 சென்டிமீட்டர். ஒட்டுவது நாலு நாள் வேலை. வர்ணம் பூசுவதில்தான் இருக்கிறது சமாசாரம். இந்த அளவில் பிரஷ்ஷால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பூசினாலும், நிஜக் கப்பலில் அது மூன்றரை சென்டிமீட்டர் கனம்! கப்பல் சுவரில் யாரோ சிமெண்டு பூசிய மாதிரி இருக்கும். ஆகவே ஏர்பிரஷ். பேனா பருமன்தான், நுனித் துவாரம் 0.3 மில்லிமீட்டர். அதன் வழியே வர்ணம் புகையாக வரவேண்டுமானால் முதலில் அதை இளக்கவேண்டும்.

எவ்வளவு? ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஜி. எஸ். டி. ரோட்டில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பாய் ஒருவர் சொன்னதுதான் எனக்கு வேதம்: “கெட்டியா இருந்தா கன் துப்பும் சார், தண்ணியா இருந்தா வழியும். பால் மாதிரி இருக்கணும்.” கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு துளி ஏற்றி விட்டுப் பார்க்கவேண்டும். பால் போல மெல்லிய படலம் விட்டு இறங்கினால் சரி. அப்படியே நின்றால் தயிர். கோடாக ஓடிவிட்டால் நீர்மோர்.

எதை விட்டு இளக்குவது என்பது அடுத்த வில்லங்கம். அக்ரிலிக் என்றால் எல்லாம் ஒன்று அல்ல. ஜப்பானியரின் டாமியா வர்ணத்தில் ஆல்கஹால் சேர்ந்திருக்கிறது. அதற்கு ஆல்கஹால் தின்னர் அமிர்தம். ஸ்பெயின் தேசத்து வல்லேஹோவில் அதே தின்னரை விட்டால் திரிந்துபோகும். அதற்கென்று தனித் தின்னர் உண்டு. அவசரத்துக்குத் தண்ணீரும் விடலாம். எங்கள் தெருக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். நான் பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் வைத்திருக்கிறேன்.

தண்ணீரிலும் கணக்கு உண்டு. அக்ரிலிக் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள். தண்ணீர் உலர உலர அவை நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. தண்ணீரை அள்ளி விட்டால் மணிகள் விலகிப் போய்ப் பிடிப்பே இருக்காது. நகம் பட்டால் உரிந்து வரும். பிளாஸ்டிக்கின்மேல் சேப்பங்கிழங்கு இலையில் நீர் நிற்பதுபோல் முத்து முத்தாகவும் நிற்கும்.

எங்கள் தெருவில் பகலெல்லாம் லாரித் தூசி. ஆகையால் கறுப்பு அடிக்கும் வேலையை மாமல்லபுரத்தில் தங்கை வீட்டு மாடி அறைக்குக் கொண்டுபோனேன். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் இருக்கும். (மாதிரி செய்வது சிறுபிள்ளை விளையாட்டு என்கிறவர்கள் அங்கே பஞ்ச ரதங்களைப் பார்க்கட்டும். மரத்திலும் செங்கல்லிலும் கட்டிவந்த கோயில்களின் மாதிரியைப் பல்லவச் சிற்பிகள் பாறையில் செய்து வைத்திருக்கிறார்கள்.) அந்த முப்பது கிலோமீட்டருக்குள் கலவையின் கணக்கு மாறிவிடுகிறது. செங்கல்பட்டில் வைகாசி மேல்காற்றில், பாலாகக் கலந்த வர்ணம் பறக்கும்போதே உலர்ந்து விபூதியாக விழும். ஊசி முனையில் பொறுக்குக் கட்டும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு சொட்டுச் சேர்க்கவேண்டும். கடற்கரையில் ஈரக் காற்று. அங்கே அந்தச் சொட்டே வேண்டாம். தின்னரும் சற்றுக் குறைவு. காம்பிரஸர் குழாயில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் கப்பலின்மேல் அம்மை போட்டுவிடும். அழுத்தம் 15 பவுண்டு, தூரம் மூன்று விரல்கடை, மூக்குக்கு முகமூடி. வாசனை இல்லை என்பதற்காக அந்தப் புகையைச் சுவாசிக்கலாகாது.

ஆறு தடவை கறுப்பு அடித்துச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். பெரியவர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இது துறையிலேயே நின்ன கப்பல் தம்பி. கடலுக்குப் போயிட்டு வந்தா இப்படியா இருக்கும்?”

அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு துளிக்கு எட்டுத் துளி தின்னர் விட்டேன். டாமியாதான், தாங்கும். பால்கூட இல்லை, அரிசி கழுவிய தண்ணீர். அழுத்தத்தைப் பத்துக்கு இறக்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து “இங்கே, இங்கே வேண்டாம், இங்கே உப்பு பூத்திருக்கும்” என்று சொல்லச் சொல்ல, மூச்சு விடுவதுபோல் ஊதிக்கொண்டே போனேன். கோபுரத்துக்கு முன்னால் வந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

“இதுக்கு நேர் கீழே பாட்டரி ரூம்” என்று விரலை வைத்தார்.

“ஐயா, இன்னும் காயலை.”

விரலை எடுக்கவில்லை. அந்த இடத்தில் ரேகை விழுந்திருக்கிறது. அதன்மேல் வார்னிஷ் மட்டும் அடித்துக் கொடுத்தேன்.