சுண்ணாம்பும் பவளமும்

பவளம் என்னும் சொல் தமிழ் மாணவனுக்கு முதன்முதலில் ஒரு மணியாகவே அறிமுகமாகிறது. நவமணிகளுள் ஒன்று, முத்தோடு சேர்த்துக் கோக்கப்படுவது, இதழின் சிவப்புக்கு உவமையாவது. இலக்கியத்தில் அதற்கு நிறம் உண்டு, உயிர் இல்லை. நகைக்கடையில் விலை பேசப்படும் செம்பவளத்துக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இடம் மத்தியதரைக் கடல். அதன் தூரத்து உறவான வேறொரு கூட்டம் தியோமான், ரெடாங் தீவுகளின் ஓரத்திலும், சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியும் ஓசையின்றிக் கல்லைக் கட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறது. அவை மணியும் அல்ல, செடியும் அல்ல; விலங்குகள். அரிசிமணி அளவேயுள்ள ஓர் உயிர் தன் அடியில் சிறிது சிறிதாகக் கல்லைச் சுரந்து, அதன்மேல் அமர்ந்து, பக்கத்தில் தன்னைப்போல் இன்னொன்றைப் பெருக்கிக்கொள்கிறது. அப்படிப் பல்லாயிரம் உயிர்கள் கூடினால் அது பவளப்பாறை.

அந்தக் கல்லுக்குத் தேவையான மூலப்பொருள்கள் இரண்டே: கால்சியமும் கார்பனேட்டும். சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றில் உலர்ந்து எந்தப் பொருளாக இறுகுகிறதோ, அதே பொருள்தான் பவளத்தின் எலும்பு. படிக அமைப்பு மட்டுமே வேறு. கடல்நீரில் இவ்விரண்டுக்கும் பஞ்சமில்லை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ கப்பல் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை ஆராய்ந்த டிட்மார் என்னும் வேதியியலறிஞர், எக்கடலில் எடுத்தாலும் முதன்மையான உப்புகள் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் கலந்திருப்பதை 1884-இல் நிறுவினார். ஒரு லிட்டர் கடல்நீரில் கால்சியம் சுமார் 420 மில்லிகிராம். மக்னீசியம் அதைப்போல் மும்மடங்கு, ஏறத்தாழ 1,300 மில்லிகிராம். கார்பனேட்டின் இருப்பைக் காட்டும் காரத்தன்மை, வளர்ப்பாளர் வழங்கும் ஜெர்மன் பாகைக் கணக்கில் 7-க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பவளம் எவ்வளவு எடுத்தாலும் கடல் குறைவதில்லை. அதன் பரப்பு அவ்வளவு பெரிது.

தொட்டியோ சிறிது. பவளத்தை வீட்டுக்குள் வளர்க்கும் கலையின் கதையெல்லாம் இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே பிறக்கிறது.

இக்கலையின் தொடக்க காலப் பெயர்களுள் ஒன்று இவ்வட்டாரத்தைச் சேர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிரினங்கள் ஒட்டிய பாறைகளைக் கடலிலிருந்து எடுத்து, தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளை மட்டும் விட்டு, பவளங்களையும் மீன்களையும் வளர்த்துக் காட்டினார். அவருடைய முறையைப் பற்றிய கட்டுரை 1961-இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழொன்றில் வெளிவந்தது. உயிர்ப்பாறையில் வாழும் நுண்ணுயிர்களே கழிவைத் தூய்மை செய்யும் என்பது அவர் கண்ட உண்மை. கடல் அருகில் இருப்பவருக்குப் புதுநீர் மாற்றுவது எளிது. கடலுக்கு எட்டாத நாடுகளில் அம்முறையைப் பின்பற்றியவர்கள் வேறொரு சிக்கலைச் சந்தித்தார்கள். நீர் தெளிவாக இருந்தது. மீன்கள் நலமாக இருந்தன. பவளம் மட்டும் வளரவில்லை. அது பட்டினி கிடந்தது, கல்லுக்காக.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். அடுக்குமாடி வீடொன்றின் கூடத்தில் 300 லிட்டர் தொட்டி இருப்பதாகக் கொள்ளலாம். அதில் காரத்தன்மையை வளர்ப்பாளர் பலர் விரும்பும் 8 பாகையில் வைத்திருக்கிறார்கள். பவளங்கள் நன்கு வளரத் தொடங்கியபின் அது நாளொன்றுக்கு 1 பாகை குறைகிறது. பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் மாறாத விகிதத்தில்தான் எடுக்கும். 1 பாகை குறைந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் கால்சியமும் குறைந்திருக்கும். தொட்டி முழுவதற்கும் அது சுமார் 2 கிராம் கால்சியம். அதைக்கொண்டு எழும் கல் நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கிலோ. கூடத்தின் மூலையில் சந்தடியின்றி நடக்கும் கட்டட வேலை இது. இதற்குரிய சரக்கை நாள்தோறும் கொண்டுவந்து இறக்க வேண்டியவர் வீட்டுக்காரர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நான்கு நாள் எதுவும் ஊற்றாமல் விட்டால் கால்சியம் 420-லிருந்து 390-ஐ ஒட்டி இறங்கும். நூற்றுக்கு ஏழு பங்கு குறைவு. அதே நான்கு நாளில், அதே வேகத்தில் போனால், காரத்தன்மை 8-லிருந்து 4-க்கு, அதாவது சரிபாதியாகிவிடும். (உண்மையில் குறையக் குறையப் பவளமும் தன் வேலையைத் தாமதப்படுத்திக்கொள்ளும், அத்தாமதமே நோயின் தொடக்கம்.) வழக்கமாகக் கிடைக்கும் எளிய சோதனைப் பெட்டி ஒன்றில் கால்சியத்துக்கு ஒரு சொட்டு 20 மில்லிகிராமைக் குறிக்கும். ஒரு நாளில் குறையும் 7 மில்லிகிராம் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. காரத்தன்மைச் சோதனையிலோ ஒரு சொட்டு 1 பாகை. நீலம் மஞ்சளாக மாறும் கணத்தை எண்ணிப் பார்த்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு புலப்படும். ஆகவே தேர்ந்த வளர்ப்பாளர் காரத்தன்மையை அடிக்கடியும், கால்சியத்தை வாரம் ஒருமுறையும், மக்னீசியத்தை அதனினும் அரிதாகவும் சோதிக்கிறார். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் சோதித்து, எண்ணை ஏட்டில் குறித்துவைக்கிறார்.

குறைந்ததை ஈடுசெய்யும் வழிகளுள் பழையது சுண்ணாம்புத் தெளிநீர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய சமுதாயத்துக்கு இப்பொருளைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவன் குழல்வழியே மூச்சை ஊதிப் பால்நிறமாக்கிப் பார்ப்பதும் இதே தெளிநீர்தான். 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் என்பவர் இம்முறையை ஐரோப்பிய வளர்ப்பாளரிடையே பரப்பினார். லிட்டருக்கு ஒன்றரைக் கிராமுக்குச் சற்று மிகுதியான நீற்றிய சுண்ணாம்பைத் தூய நீரில் கலக்கித் தெளியவைத்தால், கரையக்கூடியது கரைந்து மேலே நிற்கும். அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 800 மில்லிகிராம் கால்சியமும், அதற்கு நேரான காரத்தன்மையும் உண்டு. தொட்டியிலிருந்து நாள்தோறும் ஆவியாகும் நீருக்கு ஈடாக இத்தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதே முறை. மேற்சொன்ன தொட்டிக்கு இரண்டரை லிட்டருக்குச் சற்று மேல் போதும். ஆவியாவதும் அவ்வளவு இருக்குமானால் கணக்கு நேராகிவிடும்.

சொட்டுச் சொட்டாக என்பதில் காரணம் இருக்கிறது. தெளிநீரின் பி.எச். அளவு 12-க்கு மேல். கண்ணில் பட்டால் புண்ணாக்கக்கூடிய காரம். கடல்நீரோ 8-ஐ ஒட்டியது. பவளத்தின் தசையில் வாழும் நுண்பாசிகள் பகலில் ஒளியை உண்டு கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் தொட்டியின் பி.எச். பகலில் ஏறும், இரவில் எல்லா உயிர்களும் மூச்சுவிடுவதால் இறங்கும். ஆகவே இறங்கும் வேளையாகிய இரவில் தெளிநீரை விடுவார்கள். தெளிநீர் காற்றிலிருந்தே கரியமில வாயுவை இழுத்து மேலே ஆடை கட்டும். ஆடை கட்டக் கட்ட அதன் சத்துக் குறையும். எனவே கலத்தை மூடிவைக்க வேண்டும்; அடியில் படிந்ததைக் கலக்கிவிடக் கூடாது.

இவ்வளவு எளிய பொருளால் ஒரு தொட்டி அழிந்துபோவதும் உண்டு. குழாயைத் திறந்துவைத்தவர் உறங்கிவிட, அடைப்பு நீங்கிக் கலம் முழுவதும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டால், விடியும்போது தொட்டி பாலாக வெளுத்திருக்கும். இயற்கைக் கடல்நீர் எப்போதும் சுண்ணக்கல்லைத் தன்னால் தாங்கக்கூடியதைவிட மிகுதியாகவே சுமந்து நிற்கிறது. அந்தச் சமநிலையைக் கலைத்தால் கல் பனித்தூள் போல உதிரத் தொடங்கும். உதிர்ந்த தூளின்மீதே மேலும் கல் படியும். ஊற்றியதோடு முன்பு இருந்ததும் சேர்ந்து போய்விடும். பல ஆண்டுகள் வளர்த்த பவளத்தின் தசை ஓரிரு நாளில் உரிந்து வெள்ளை எலும்பு தெரிவதைக் காணும் வளர்ப்பாளருக்கு, பணத்தின் இழப்பு பெரிதாகத் தோன்றுவதில்லை.

இக்கல் உதிராமல் காப்பது மக்னீசியம். புதிதாய்த் தோன்றும் சுண்ணப் படிகத்தின் முகத்தில் அது ஒட்டிக்கொண்டு மேலும் வளரவிடாமல் தடுக்கிறது. மக்னீசியம் குறைந்த தொட்டியில் எவ்வளவு கால்சியம் ஊற்றினாலும் நிற்பதில்லை. பம்பின் உட்புறத்திலும் கண்ணாடியிலும் கல்லாகப் படிந்துவிடும். எண் ஏறவில்லையே என்று மேலும் ஊற்றுபவர், மேலும் கல்லைச் செய்பவராகிறார். குறை ஓரிடத்திலும் அதன் அடையாளம் வேறோரிடத்திலும் இருப்பதற்கு இது நல்ல சான்று.

பவளம் பெருத்து நாளொன்றுக்கு 2 பாகை கேட்கும் காலம் வரும்போது தெளிநீர் போதாது. ஆவியாகும் நீருக்கு மேல் ஊற்ற இடமில்லை. அப்போது இரு கரைசல் முறையை நாடுவார்கள். ஒரு புட்டியில் கால்சியம் குளோரைடு. மற்றொன்றில் சமையல் சோடாவோ சலவைச் சோடாவோ கரைந்த நீர். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் புட்டியிலேயே சுண்ணக்கல்லாகிவிடும் என்பதால் தனித்தனியே, தொட்டியின் வெவ்வேறு இடத்தில், இடைவெளி விட்டு விடவேண்டும். பவளம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் எஞ்சி நிற்பது சாதாரண உப்பு. முன்சொன்ன தொட்டியில் நாளொன்றுக்கு 1 பாகைக்கு ஈடுசெய்தால் 6 கிராம் உப்பு சேரும். மாதக் கணக்கில் பார்க்கும்போது உப்பின் செறிவு ஏறியிருக்கும். உப்புமானியைப் பார்த்து, நீரை மாற்றி அதைச் சரிசெய்யாதவர் ஒரு குறையைத் தீர்த்து மற்றொன்றை வளர்க்கிறார்.

மூன்றாவது வழி, இறந்த பவளத்தைக் கொண்டு உயிருள்ள பவளத்தை வளர்ப்பது. பவளச் சரளை நிரப்பிய மூடிய கலத்தில் தொட்டிநீரைச் சுற்றவிட்டு, கரியமில வாயுவைச் செலுத்தினால், நீர் சற்றே புளித்துச் சரளையைக் கரைக்கும். முன்னொரு பவளம் எந்த விகிதத்தில் கட்டியதோ அதே விகிதத்தில் பொருள்கள் திரும்பி வருகின்றன. வாயு மிகுந்தால் தொட்டியின் பி.எச். இறங்கும் என்பது இதன் குறை.

இனி, சிறுபொருள்கள். இவ்விடத்தில்தான் வளர்ப்பாளரின் பொறுமை உண்மையில் சோதிக்கப்படுகிறது. கடையில் வரிசையாக நிற்கும் சிறு புட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தை, ஒரு பொலிவை வாக்களிக்கின்றன. கடல்நீரில் ஸ்ட்ரோன்சியம் லிட்டருக்கு 8 மில்லிகிராம். கால்சியத்தின் உறவுப் பொருளாகையால் அதனோடு சேர்ந்து எலும்பில் ஏறுகிறது. அயோடின் லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் மட்டுமே. 300 லிட்டர் தொட்டி முழுவதிலும் இருக்க வேண்டியது 18 மில்லிகிராம். பள்ளியில் மாவுப்பொருளைச் சோதிக்கப் பயன்படும் லூகோல் கரைசல் 5 விழுக்காட்டு வலிமையுடையதானால், அதன் மூன்று சொட்டிலேயே அவ்வளவும் அடங்கிவிடும். நான்காவது சொட்டு கடலில் இல்லாத அளவு. செம்பு இன்னும் கடுமையானது. உயிர்களுக்கு அணுவளவு வேண்டும்; ஆனால் மீனின் வெண்புள்ளி நோய்க்கு மருந்தாகும் அளவே இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும்.

அளந்து அறிய முடியாததை ஊற்றாதே என்பதே இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர்கள் இளையோருக்குக் கூறும் முதல் அறிவுரை. வீட்டுச் சோதனைப் பெட்டிகள் காட்டாத பொருள்களை இன்று ஆய்வுக்கூடத்துக்கு நீரை அனுப்பி அறியலாம். அன்றாட வாழ்வுக்கோ, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதே பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதுமான சிறுபொருளைத் தந்துவிடும். கால்சியம் போன்ற பெருந்தேவைக்கு அவ்வழி உதவாது. பத்தில் ஒரு பங்கு நீர் குறையில் பத்தில் ஒரு பங்கையே தீர்க்கும்.

தீபாவளிக்குக் குடும்பம் சொந்த ஊருக்குப் புறப்படும்போது இந்த உறவின் சுமை தெரிகிறது. அளந்து ஊற்றும் சிறு பம்புகள் இன்று உண்டு. அவை சொன்ன அளவை ஊற்றும். அந்த அளவு இன்றைக்கும் சரிதானா என்று கேட்க அவற்றுக்குத் தெரியாது. அதற்கு ஒரு மனிதர் சொட்டை எண்ணவேண்டும். சுவரைப் பார்த்து அமைதியாக இருக்கும் ஓர் உயிர், பசித்தால் குரல் கொடுக்காத ஓர் உயிர், ஏட்டில் எழுதிய எண்ணின் வழியாக மட்டுமே தன் தேவையைச் சொல்கிறது. அதைப் படிக்கக் கற்றவரே அதை வீட்டுக்குக் கொண்டுவரத் தகுதியுடையவர். கல் பவளங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதும், உரிமத்தாள் இன்றி எல்லை கடத்தக் கூடாது என்பதும், அத்தகுதியைச் சட்டம் ஓரளவு வற்புறுத்தும் வழிகளே.

தொட்டியில் நிகழும் இச்சிறு வேதியியல் இன்று கடலிலும் நிகழ்கிறது. தொழிற்புரட்சிக்குப்பின் காற்றில் கூடிய கரியமில வாயுவைக் கடல் உறிஞ்சியதால் அதன் மேற்பரப்பின் பி.எச். ஏறத்தாழ 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியுள்ளது. எண் சிறிது, அமிலத் தன்மையில் அது நூற்றுக்கு முப்பது பங்கு ஏற்றம். அதனால் கார்பனேட் குறைகிறது. கடலுக்குத் தெளிநீர் சொட்டவிட எவராலும் இயலாது. எனினும், 1 பாகை குறைந்தால் என்ன ஆகும் என்பதைத் தன் கண்ணால் கண்ட மாணவன், அந்தச் செய்தியை நாளிதழில் படிக்கும்போது அதை வெறும் புள்ளிவிவரமாகப் படிக்க மாட்டான். வளர்ந்த பவளத்தில் ஒரு கிளையைக் கிள்ளி நண்பனுக்குக் கொடுப்பதும் இன்று வளர்ப்பாளரிடையே வழக்கமாகிவிட்டது. அந்தக் கிளைக்காகக் கடலில் ஒரு பாறையை உடைக்க வேண்டியதில்லை. நாள்தோறும் அளந்து ஊற்றிய சுண்ணாம்பே அதைக் கட்டியது.