ஆழம் போகாத ஊர்

பெங்களூரில் யாராவது ஊர் கேட்டு, நான் "ராமேஸ்வரம் பக்கம்" என்றால் இரண்டு பதிலில் ஒன்று வரும். வயதானவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு, "காசிக்குப் போனா அங்கயும் போகணும்னு சொல்வாங்களே" என்பார்கள். இளையவர்கள் "நெய்ப் பொடி இட்லி!" என்பார்கள். 2021இல் இந்திராநகரில் தொடங்கிய ராமேஸ்வரம் கஃபே, அப்துல் கலாம் பிறந்த ஊர் என்பதால் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. இன்று இந்த நகரத்துக்கு ராமேஸ்வரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கடை வாசல் கூட்டம்தான்.

கோயிலுக்கும் இட்லிக்கும் நடுவில் என் ஊர் எங்கேயும் வராது. என் ஊர் தங்கச்சிமடம். பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் போகிற எல்லாப் பேருந்தும் எங்கள் ஊர் வழியாகத்தான் போயாக வேண்டும். இறங்குகிறவர்கள்தான் குறைவு. பாலத்தில் எட்டிப் பார்த்துக் கடலை ரசித்து முடித்தவர்கள், கோபுரம் தெரிகிறதா என்று தேடத் தொடங்குவதற்குள் எங்கள் ஊர் பின்னால் போய்விடும். இப்போது பக்கத்துப் பேக்கரும்பில் கலாம் நினைவிடம் இருப்பதால் வண்டிகள் கொஞ்சம் நிற்கின்றன. அது திறந்தது 2017 ஜூலையில்.

செய்தித்தாளில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தால் நல்ல செய்தியாக இருக்காது. 2014இல் எங்கள் ஊர் மீனவர்கள் ஐந்து பேருக்குக் கொழும்பு நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, அடுத்த மாதமே அவர்கள் பொதுமன்னிப்பில் திரும்பி வந்தார்கள். 2017 மார்ச்சில் கடலுக்குப் போன ஓர் இளைஞன் குண்டடிபட்டு இறந்தான். அந்த வாரங்களில் ஆபீசில் கூட வேலை செய்பவர்கள், "இது உங்க ஊரா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடலூரில் பிறந்தாலும் கன்னியாகுமரியில் பிறந்தாலும், கடற்கரைக்காரி பெங்களூரில் இருந்தால் கடலைத்தான் நினைத்து ஏங்குவாள் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படியில்லை. தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அலையில்லாத வடகடல் பெண் கடல், குமுறுகிற தென்கடல் ஆண் கடல் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். இரண்டும் கையெட்டும் தூரத்தில் இருந்ததால் கடல் எங்களுக்குக் காட்சியாக இருந்ததே இல்லை. நான் ஏங்குவது தண்ணீருக்கு. குடிக்கிற தண்ணீருக்கு. இன்னும் சரியாகச் சொன்னால், அதை எடுத்த விதத்துக்கு.

எங்கள் வீட்டுக்கு மல்லிகை நாற்றுத் தோட்டம் இருந்தது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மதுரைக்காரர்கள் கொண்டாடினார்கள், நியாயம்தான். ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நிற்கும் செடிகளில் பெரும்பாலானவை வேர் பிடித்தது எங்கள் தீவு மணலில். ராமநாதபுரம் குண்டுமல்லி என்று வேளாண்மைப் புத்தகங்களில் தனி ரகமாகவே பெயர் இருக்கும். தென்னை நிழலில் மணலைப் பாத்தியாகக் கட்டி, தாய்ச்செடியிலிருந்து வெட்டிய குச்சிகளை நெருக்கி நெருக்கி ஊன்றுவார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து, வேர் விட்டதும் மணலை உதறிப் பிடுங்கி, கட்டுக் கட்டாக ஈரச் சாக்கில் சுற்றி லாரி ஏற்றுவார்கள். பூ எங்களுக்கு முக்கியமில்லை. பூக்கிற வயதுக்கு முன்பே செடி ஊரைவிட்டுப் போய்விடும்.

மணலில் வேர் சீக்கிரம் இறங்கும், ஆனால் மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஆகையால் காலையும் மாலையும் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் தோட்டத்துக்குள்ளேயே, பாத்திக்குப் பக்கத்திலேயே, ஊற்றில் கிடைத்தது. ஊற்று என்றால் பெரிய ஏற்பாடு இல்லை. மணலை மண்வெட்டியால் சரிவாக வாரி எடுத்தால் இடுப்பளவு வருவதற்குள் கசிய ஆரம்பிக்கும். இறங்கிப் போகப் படி மாதிரி ஒரு பக்கம் மணலை மிதித்து வைப்பார்கள். வீட்டுக்கு எடுக்கிற ஊற்று சின்னது. சிரட்டையால் மோந்து குடத்தில் ஊற்றி, நிறைந்ததும் மறுபடி ஊறும்வரை குந்தியிருக்க வேண்டும். இந்தப் பக்கம் நடந்தால் உப்புக் கடல், அந்தப் பக்கம் நடந்தாலும் உப்புக் கடல், நடுவில் சிரட்டையில் இளநீர் போன்ற தண்ணீர். சின்ன வயதில் இது அதிசயமாகப் படவே இல்லை.

அப்பத்தாவுக்கு ஊற்று விஷயத்தில் ஒரே ஒரு சட்டம்தான். யாராவது ஆர்வத்தில் மண்வெட்டியை இன்னும் இரண்டு போடு போட்டால் மேலேயிருந்து குரல் வரும்: "ஏத்தா, போதும். இன்னும் தோண்டுனா உப்பு வந்துரும்." தண்ணீர் போதவில்லை என்றால் ஆழப்படுத்தக் கூடாது. தள்ளிப்போய் வேறு ஊற்றுப் போட வேண்டும். நேற்று அதிகம் இறைத்த ஊற்றை இன்று விட்டுவிட வேண்டும். காலையில் முதல் சிரட்டையை அவள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு விடுவாள். லேசாகக் கரித்தால் அன்று அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. கோடையில் கரிப்புக் கூடினால் அடுத்த தடவை பாத்தியைக் குறைப்பார்கள். ஊற்றை ஒருபோதும் ஆழமாக்கியதில்லை.

அவள் சட்டத்துக்குப் பின்னால் இருந்த கணக்கைக் கல்லூரிக்கு வந்தபின்தான் படித்தேன். தீவின் மணலில் இறங்கும் மழைத்தண்ணீர், கீழே இருக்கும் கடல்நீரைவிட எடை குறைந்தது. அதனால் தண்ணீர்மேல் எண்ணெய் நிற்கிற மாதிரி அதன்மேல் மிதந்து நிற்கும். ஹாலந்தில் பாடோன் கைபென் என்ற ராணுவ அதிகாரி 1888இலும், ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் என்பவர் 1901இலும் தனித்தனியாக இதைக் கணக்குப் போட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இதன் மறுபக்கம்தான் பயங்கரம். மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். லட்சத்தீவு, மாலத்தீவு, இந்தோனேசியாவின் குட்டித் தீவுகள் என்று உலகத்தின் சின்னத் தீவுகள் பலவும் இந்த மிதக்கும் தண்ணீரை நம்பித்தான் குடியிருக்கின்றன. அங்கேயும் என் அப்பத்தா மாதிரி ஒருத்தி மேட்டில் நின்று கத்திக்கொண்டிருந்திருப்பாள்.

எங்கள் ஊர்க் கடலுக்குள்ளேயே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு. வில்லூன்றி தீர்த்தம். கரையிலிருந்து சின்ன நடைபாலத்தில் போனால், சுற்றிலும் கடல் நிற்க, நடுவில் கிணறு. சீதைக்குத் தாகம் எடுத்தபோது ராமர் வில்லை ஊன்றி எடுத்த தண்ணீர் என்பது கதை. ராமேஸ்வரம் பெரிய கோயிலுக்குள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தங்களில் தலை நனைக்கக் கூட்டம் வரிசையில் நிற்கும். தண்ணீரைச் சாமியாக்கி வைத்தது பக்தியினால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாமி என்று சொல்லிவிட்டால் அளவுக்கு மேல் இறைக்க யாருக்கும் கை வராது.

இப்போது நான் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து வெகு உயரத்தில், வர்த்தூர் பக்கம். 2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களின் எல்லைக்குள் எங்கள் அடுக்ககம் இருக்கிறது. சேர்த்தார்களே தவிர, காவிரிக் குழாய் வரப் பல ஆண்டுகள் ஆயின. மண்டியா மாவட்டத்துத் தொரெகாடனஹள்ளியிலிருந்து, சுமார் நூறு கிலோமீட்டர், மூன்று இடங்களில் பம்பு வைத்து மேலேற்றித்தான் பெங்களூர் குடிக்கிறது. இந்தக் கிராமங்களுக்கென்று நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவரை ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான்.

அதே 2024இன் கோடையை இந்த நகரத்தில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிப்போயின என்று அரசுத் தரப்பிலேயே சொன்னார்கள். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு வந்தது. எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்ஆப் குழுவில் எந்நேரமும் டேங்கர் பேச்சுதான். ஒருவர் பக்கெட்டில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் படம் அனுப்புவார். எண் பெரிதாக இருக்கும். குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அந்தத் தண்ணீர் ஆயிரம் அடிக்கும் கீழேயிருந்து வருவது. பாறை இடுக்கில் யாரும் தொடாமல் கிடந்ததை உறிஞ்சி, வற்றியதும் பக்கத்தில் இன்னும் ஆழமாகப் போடுகிறோம். அப்பத்தா இருந்தால் எங்கிருந்து கத்துவாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஊரைப் புகழ்ந்து நகரத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் பெங்களூரும் ஒரு காலத்தில் மேல்தண்ணீரை நம்பியிருந்த ஊர்தான். மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் இருந்த நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. பெரிய ஆறு இல்லாத மேட்டில், மழையைத் தடுத்து ஏரி ஏரியாக நிறுத்தி, கீழே கிணறு வெட்டி வாழ்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் மணல் செய்த வேலையை இங்கே ஏரிகள் செய்தன.

அந்தக் கிணறு வெட்டும் கைகளும் இங்கே இன்னும் இருக்கின்றன. மண்ணு வொட்டர் என்ற சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் கிணறு தோண்டுகிறவர்கள். பயோம் என்ற அறக்கட்டளை பெங்களூரில் பத்து லட்சம் நீரூட்டுக் கிணறுகள் என்று ஓர் இயக்கம் தொடங்கியபோது அவர்களுக்கு மறுபடி வேலை வந்தது. மழைத்தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் கிணற்றுக்குள் இறக்கி, மேல்மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பது அவர்கள் வெட்டும் கிணறு. எங்கள் வளாகத்திலும் சிலர் வந்து வெட்டினார்கள். சிமெண்ட் உறையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உள்ளே ஒருவர் குனிந்து மண்ணை எடுக்க எடுக்க, உறை தன் பாரத்தில் தானே கீழே இறங்கியது. வெளியே நின்று தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசிக்கொண்டிருந்த பெரியவரிடம் எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழிலேயே சொன்னார்: "மண்ணு சொல்லும்மா. அது நிக்கச் சொல்ற இடத்துல நிக்கணும்."

ஊரிலும் எல்லாம் அப்படியே இல்லை. ஊற்றில் மோக்கும் பிள்ளைகளை இப்போது பார்ப்பது அரிது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வந்தபின் தீவுக்கும் குழாய் வந்துவிட்டது. மேலே பெங்களூரில் இருக்கும் நானும், கடைசி முனையில் இருக்கும் என் அத்தையும் ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிறோம். தீவுக்குக் குழாய் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இடுப்பில் குடத்தோடு விடிவதற்கு முன்பு எழுந்தவர்கள் என் வீட்டுப் பெண்கள். ஆனால் விடுதிகள் பெருகி, மோட்டார்கள் கூடக் கூட, கீழே உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. "நம்ம தோட்டத்துல தண்ணி கரிக்குதுத்தா" என்று அத்தை போனில் சொல்வாள். அவளுக்கும் டிடிஎஸ் மீட்டர் தேவையில்லை.

குடத்தைத் தூக்கிய பாரத்துக்கு நான் ஏங்கவில்லை. நாங்கள் தண்ணீரைப் பார்த்துத்தான் தோட்டத்தை அளந்தோம். எத்தனை பாத்தி, எத்தனை குச்சி என்பதை ஊற்று சொன்னது. இங்கே எத்தனை மாடி, எத்தனை வீடு என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு தண்ணீரைத் தேடிப் புறப்படுகிறோம். அந்த வரிசைக்குத்தான் என் ஏக்கம்.

போன கோடையில் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பழைய போர்வெல் வற்றிவிட்டது, 1,500 அடிக்குப் புதிதாகப் போடலாம் என்று பேச்சு. ஆழம் போக வேண்டாம், நீரூட்டுக் கிணறு இன்னும் வெட்டுவோம், நீச்சல் குளத்தை மூடுவோம் என்றேன். "அதுவரைக்கும் குடிக்க என்ன பண்றது மேடம்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இத்தனை வீட்டைக் கட்டியபின் அதற்குச் சட்டென்று பதில் கிடையாது. கடைசியில் கிணறும் வெட்டலாம், போரும் போடலாம், குளத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தீர்மானம் ஆனது. இரண்டுக்கும் பங்குத்தொகை கட்டினேன். கிணற்றுக்குக் கட்டியது மனதார. போருக்குக் கட்டியது வேறு வழியில்லாமல்.