சாவி யார்கிட்ட?

அடுத்த முறை ஏதாவது அரசாங்க ஆபீசுக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். பின்பக்கக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இவர் அவரைக் காட்டுவார். அவர் இன்னொருவரைக் காட்டுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சின்ன ஊர் ஆபீஸ். ஏதோ தகராறு. மத்தியானம் நூறு பேருக்கு மேல் கட்டையும் கல்லுமாகக் காம்பவுண்டுக்குள் வந்துவிட்டார்கள். முதல் கல் ஜன்னலில் விழுந்ததும் பின்வாசலுக்கு ஓடினோம். பூட்டு!

"சாவி எங்கய்யா?"

"வாட்ச்மேன்கிட்ட சார். டீ குடிக்கப் போயிருக்காரு."

மனு கொடுக்க வந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தியும் உள்ளே இருந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு ஓடியவன் நான். இன்றைக்கும் அது உறுத்துகிறது. எங்களை ரெக்கார்டு ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றவர் எங்கள் வயதான பியூன். "உள்ள பொம்பளப்புள்ள இருக்கு, போங்கப்பா" என்று கெஞ்சியிருக்கிறார். தலையில் ஆறு தையல்.

மறுவாரம் மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. எத்தனை கண்ணாடி உடைந்தது என்று கேட்டிருந்தார்கள். சாவியைப் பற்றி ஒரு வரி இல்லை.

நம்மூர்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் டிரம்ப் ஆதரவாளர்கள் புகுந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது என்ன தெரியுமா? ஒரு போலீஸ் அணியின் கேடயங்கள் பஸ்ஸுக்குள் இருந்தன. பஸ் பூட்டிக் கிடந்தது! சரியாக வைத்துப் பாதுகாக்காத வேறு சில கேடயங்கள் அடிபட்டதும் நொறுங்கின. போலீஸ் தலைவர் உதவி கேட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் நேஷனல் கார்டு படை வந்து சேர்ந்தது.

அங்கேயும் மானத்தைக் காப்பாற்றியது மனிதர்கள்தான். யூஜின் குட்மேன் என்கிற ஒற்றைப் போலீஸ்காரர், கும்பலைத் தன் பின்னால் வரவழைத்து, செனட் அறைக்குப் போகாமல் வேறு பக்கம் இழுத்துச் சென்றார். தேர்தல் ஓட்டுச் சான்றுகள் இருந்த பெட்டிகளை ஊழியர்கள் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆனால், ஒவ்வொரு முறையும் ஒரு குட்மேனோ ஒரு பியூனோ கிடைப்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா?

மதிலை உயர்த்தச் சொல்லவில்லை. திங்கட்கிழமை மனுவோடு வருகிற கிழவிக்கும் அதே வாசல்தான். அவளை மிரட்டுகிற கோட்டை நமக்கு வேண்டாம். உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற பின்கதவு, வருஷத்துக்கு ஒரு ஒத்திகை, ஆபத்தில் யார் உத்தரவு கொடுப்பது என்கிற தெளிவு. இதற்கெல்லாம் கோடிகள் வேண்டாம்.

அதற்கப்புறம் மாற்றலாகிப் போன ஒவ்வோர் ஆபீசிலும் முதல் நாள் நான் கேட்ட முதல் கேள்வி, "பின்வாசல் சாவி யார்கிட்ட?" என்பதுதான். சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தப் பியூனின் தலைத் தழும்பை அவர்கள் பார்த்ததில்லை.