சொக்கப்ப நாயக்கன் தெரு வீடு

திருவண்ணாமலை வேங்கிக்காலில் குடியிருக்கிறவனுக்கு ரமணரைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. வாசலுக்கு வந்தால் மலை தெரியும். ஆட்டோ ஏறினால் ஆசிரமம். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் பழைய ஹாலையும் விருபாட்ச குகையையும் சுற்றிக்காட்டி எனக்கு வழிகாட்டி என்றே வீட்டில் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போனபோது, அவர் விட்டுவிட்டு வந்த வீட்டைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை.

மீனாட்சியம்மன் கோயிலை ஒட்டிய சொக்கப்ப நாயக்கன் தெருவில் இருக்கிறது அந்த வீடு. இப்போது ரமண மந்திரம் என்று பெயர், ரமணாசிரமத்தார் பராமரிக்கிறார்கள். 1892-ல் தகப்பனார் சுந்தரமய்யர் காலமானபின் திருச்சுழியிலிருந்து வந்த வேங்கடராமன், பின்னாளைய ரமணர், சித்தப்பா சுப்பையர் குடும்பத்தோடு இங்கேதான் இருந்தான். மாடியில் ஒரு சின்ன அறை. 1896 ஜூலையில், உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே, சாகப்போகிறோம் என்ற பயம் பதினாறு வயதுப் பையனைத் திடீரென்று பிடித்துக்கொண்டது. டாக்டரைக் கூப்பிடவில்லை, பெரியவர்களிடம் சொல்லவில்லை. பிணம்போலக் கைகால்களை விறைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிப் படுத்து, செத்தால் எது சாகிறது என்று பார்த்தான். நடந்தது இந்த அறையில்தான்.

நினைவு இல்லம் என்றால் கண்ணாடிப் பெட்டியில் மூக்குக்கண்ணாடியும் பேனாவும் இருக்கும் என்று பழகிப்போயிருக்கிறோம். கும்பகோணத்தில் கணித மேதை ராமானுஜன் வீட்டுக்குப் போனால் ஜன்னலோரக் கட்டிலாவது நம்மோடு பேசும். இங்கே அப்படிப் பேசுவதற்குச் சாமான் கிடையாது. படம் இருக்கிறது, உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள இடம் இருக்கிறது. கீழே தெருவில் ஆட்டோக்காரர் ஹாரனை விடுவதாக இல்லை. எனக்குத் தியானம் கூடவில்லை. கணக்குத்தான் ஓடியது, ரயில் கணக்கு.

ஆகஸ்ட் 29. பெயின் எழுதிய ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை எழுதிவிட்டு நோட்டை மூடிக் கண்ணை மூடிக்கொண்ட தம்பியைப் பார்த்து, இப்படி இருக்கிறவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்கிற பாவனையில் அண்ணன் நாகசாமி ஒரு வார்த்தை சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் என்று தம்பி எழுந்தான். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப்போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன். திருவண்ணாமலைக்குப் போக வழிச்செலவு தானாக வந்து சேர்ந்தது. சித்தி சாதம் போட்டு, பணத்தையும் எடுத்துக் கொடுத்தாள். மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்தான். சம்பளம் கட்டவில்லை, பணம் இத்துடன் இருக்கிறது, தேடிச் செலவு செய்யவேண்டாம் என்று எழுதியவன் கீழே கையெழுத்துப் போடவில்லை; கோடு இழுத்திருந்தான். துறவு என்று நாம் பெரிதாகப் பேசுவோம். அண்ணன் காசில் பைசா வரை கணக்குச் சொல்லிவிட்டுப் போகிற இந்த ஒழுங்குதான் என்னை உலுக்குகிறது.

ஸ்டேஷனுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது. நல்லவேளை, ரயிலும் லேட். பார்த்துவைத்திருந்ததோ பழைய அட்லஸ். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் வந்துவிட்ட சேதி அதில் இல்லை. அதனால் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான்: இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. கையில் மிச்சம் மூன்றணா. வண்டியில் ஒரு மௌல்வி சொல்லித்தான் விழுப்புரத்தில் மாறவேண்டும் என்று தெரிந்தது. அங்கிருந்து மாம்பழப்பட்டு வரைதான் காசு கட்டியது. பிறகு பத்து மைல் நடை, அறையணிநல்லூர் கோயில், கீழூர். அங்கே முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு. இருபது ரூபாய் பெறுமான கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தான். மீட்கப்போவதில்லை என்று தெரிந்ததால் பாகவதர் எழுதிக் கொடுத்த விலாசச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, திருக்கோவிலூர் ஸ்டேஷனில் படுத்துறங்கி, செப்டம்பர் 1 காலையில் எங்கள் ஊரில் வந்து இறங்கினான்.

வீடு அதோடு அவரை விட்டுவிடவில்லை. 1898-ல் தாயார் அழகம்மாள் தேடிவந்து, அழுது மன்றாடிப் பார்த்துத் திரும்பினார். 1916-ல் வந்தவர் மலையிலேயே தங்கிவிட்டார். ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு எரிய ஆரம்பித்தது அம்மா கையால். தம்பி நாகசுந்தரமும் வந்து காவி கட்டி, நிரஞ்சனானந்தராகிப் பின்னாளில் ஆசிரம நிர்வாகத்தையே பார்த்தார். 1922-ல் அம்மாவை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் எழுந்தது. அதிகாலையில் சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிய ரமணரை வீட்டை விட்டவர் என்று எப்படிச் சொல்ல? மதுரை வீட்டில் சாமான் இல்லாததன் காரணம் எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் பிடிபட்டது. குடித்தனம் இங்கே, திருவண்ணாமலைக்கு மாறிவிட்டது.

எங்கள் பக்கம் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாய் இடிந்து, கிரிவலக் கூட்டத்தை நம்பி மூன்று மாடி அறைகளாகின்றன. வாடகை வேண்டும்தானே, யாரைச் சொல்ல. ஒரு சித்தப்பா வீட்டு மாடியறையை இடிக்காமல் வைத்திருக்கிறார்களே என்பதே பெரிய காரியம். அதில் விளக்கப் பலகையும் ஒலிபெருக்கியும் வைக்காமல் இருப்பது அதைவிடப் பெரிது.

மதுரைக்குப் போகிறவர்கள் மீனாட்சியைப் பார்த்த கையோடு அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அங்கிருந்து திருவண்ணாமலைக்கு வருவதாக இருந்தால் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில், விழுப்புரத்தில் மாறி வாருங்கள். திருக்கோவிலூர் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது தூங்கிவிடாதீர்கள்.