ஏழு மிஸ்டு கால்

அம்மாவின் கணக்கு எளிது. இரண்டு ரிங் விட்டு கட் பண்ணிவிடுவாள். நான் திருப்பிக் கூப்பிட வேண்டும். 2007-ல் என் செல்லில் வாய்ஸ்மெயில் வந்ததும் கணக்கு உதைத்தது. நான் வேறு யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் மெஷின் சட்டென்று எடுத்துவிடும். எடுத்துவிட்டால் அது பேசின கால்; காசு கூப்பிட்டவருக்கு. பி.காம். படித்தவனுக்கு இது உறைக்கவில்லை, பாருங்கள்!

அப்பாவுக்கு நெஞ்சு வலித்த ராத்திரி, நான் யாருடனோ கிரிக்கெட் அரட்டை. ஏழு தடவை அடித்து, பாலன்ஸ் தீர்ந்து, அம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். அப்பா பிழைத்துக்கொண்டார். வாய்ஸ்மெயிலில் ஏழு தடவையும், "தம்பி, இருக்கியாப்பா?"

மறுநாளே ##002# டயல் பண்ணினேன். ஜி.எஸ்.எம். போன்களில் எல்லா டைவர்ஷனையும் ரத்து செய்கிற எண் அது. அம்மாவிடம் சொன்னேன்.

"அதுசரி, அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல என்னதான்பா சொன்னா?" என்றாள்.