தேங்காயும் ரேடியேட்டா பைனும்

"மரம் நட்டா வளரும், வெட்டினா விழும். இதுல நாலு வருஷம் படிக்க என்னடா இருக்கு?" சிவில் படிக்கிற நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான் :-) அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நியூசிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நட்டு வளர்த்த காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு ஒரே மரம், ரேடியேட்டா பைன். பூர்வீகம் கலிபோர்னியா கடற்கரை. 1950-களில் நல்ல மரங்களைப் பொறுக்கி இனவிருத்தி செய்ய ஆரம்பித்தார்கள். எதை வைத்துப் பொறுக்கினார்கள்? வேகமாக வளர்கிறதா, நேராக நிற்கிறதா, கிளை ஒழுங்காக இருக்கிறதா. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதானே!

சீக்கிரம் பருத்ததால் சீக்கிரம் வெட்டினார்கள். அங்கேதான் சிக்கல். நம் ஊரில் மரத்தின் நடுப்பகுதி என்றால் வைரம், உறுதி. ரேடியேட்டாவில் தலைகீழ். நடுவிலுள்ள முதல் பத்து வளையங்கள்தான் நோஞ்சான். இளசாக வெட்டினால் கட்டையில் அந்தப் பங்கு அதிகம். அந்த ஊரில் வீடுகளே பெரும்பாலும் மரச்சட்டத்தில் நிற்பவை. வளைகிற சட்டத்தை யார் வாங்குவார்?

விறைப்பான மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்தான். ஆனால் அறுத்து, வளைத்துப் பார்த்தால்தான் விறைப்பு தெரியும். ஆயிரக்கணக்கான மரங்களை அப்படி அறுக்க யாரிடம் காசு இருக்கிறது?

என் அம்மாச்சி சந்தையில் தேங்காயை உடைத்தா பார்ப்பார்? சுண்டிப் பார்ப்பார். இவர்களும் அதையேதான் செய்கிறார்கள். நிற்கிற மரத்தில் சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகளைச் செருகி, ஒன்றைச் சுத்தியலால் தட்டி, ஒலி அடுத்ததற்குப் போய்ச் சேரும் நேரத்தை அளக்கிறார்கள். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் விறைப்பு. பச்சை மரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1000 கிலோ. ஒலி விநாடிக்கு 2 கி.மீ. போனால் 4 ஜிகாபாஸ்கல், 3 கி.மீ. போனால் 9. ஒன்றரை மடங்கு வேகம், இரண்டே கால் மடங்கு விறைப்பு!

இன்னொரு கருவி பைலோடின். பட்டையைக் கொஞ்சம் சீவிவிட்டு வைத்து அமுக்கினால், ஸ்பிரிங் 6 ஜூல் ஆற்றலோடு ஊசியை உள்ளே அடிக்கும். ஆழமாக இறங்கினால் அடர்த்தி குறைவு. எங்கள் செய்முறை வகுப்பில் தைல மரத்தில் 'டப்'பென்று அடித்தபோது பக்கத்து மரத்துக் காக்கா பறந்துவிட்டது.

"எல்லாம் தோராயம்தானே" என்று வகுப்பில் சலித்துக்கொண்டார்கள். ஆமாம், தோராயம்தான். ஆனால் இங்கே வேண்டியது மார்க் இல்லை, ரேங்க். ஐம்பது மரத்தைத் துல்லியமாக அளந்து பத்து எடுத்தால் ஐந்தில் ஒன்று. இரண்டாயிரத்தைத் தட்டிப் பார்த்துப் பத்து எடுத்தால் இருநூறில் ஒன்று. தட்டி அளப்பதும் உண்மையான விறைப்பும் மரபுவழியில் நெருங்கிய தொடர்புள்ளவையாக இருந்தால், என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

அந்த 'இருந்தால்' சின்ன விஷயமில்லை. ஊசி இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இறங்கும். வளர்ந்த மரத்தில் அது நல்ல வெளிப்பகுதியை மட்டுமே தொடும், பலவீனமோ உள்ளே. அதனால் ஏழெட்டு வயதிலேயே, மரம் முழுக்க நோஞ்சான் பகுதியாக இருக்கும்போதே அளப்பது நல்லது. பிறகு அந்த மரத்தின் ஒட்டுகள் விதைத் தோட்டத்துக்குப் போகும், விதை மலைமலையாய்க் காடாகும், ரம்பம் அதைத் தொட இருபத்தெட்டு வருஷம் போல ஆகும். தவறாகப் பொறுக்கியிருந்தால் அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த செமஸ்டர் புராஜெக்டில் வெட்டப்போகிற முப்பது தைல மரங்களில் முதலில் ஊசி அடித்து, பிறகு வில்லை அறுத்து அடர்த்தி பார்க்கப்போகிறேன். இரண்டு ரேங்க்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்போம்.