ஆக்ஸ்போர்டில் கேட்ட கேள்வி

ஆக்ஸ்போர்டு நகரத்தைப் பார்க்க நமக்கு ஒரே ஒரு பகல்தான் கிடைத்தது. சர்வகலாசாலை என்று தனியாக ஒரு கட்டடத்தைத் தேடுகிறவர்கள் அங்கே ஏமாந்து போவார்கள். ஊரெங்கும் பரவியிருக்கும் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்ததே சர்வகலாசாலை. வட்ட வடிவமாய், குவிந்த கூரையுடன் நிற்கும் ராட்கிளிப் காமிராவைக் கண்டதும் நம்முடன் வந்த சிறுவன், “இதில் எப்படிப் படம் பிடிப்பார்கள்?” என்றான். லத்தீன் பாஷையில் ‘காமிரா’ என்றால் அறை. அது 1749-ல் திறந்த வாசகசாலை.

அதற்கு அருகிலே 1438-ல் ஸ்தாபிதமான ஆல் ஸோல்ஸ் கல்லூரி. பி. ஏ. மாணவர்களே இல்லாத விசித்திரக் கல்லூரி! வாயிலில் நின்ற முதியவர் நம்மைப் பார்த்து, “உங்கள் ராதாகிருஷ்ணன் இங்கே இருந்தவர் அல்லவா? அவர் பிறந்த ஊர் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் ஸ்பால்டிங் பேராசிரியராக விளங்கியவரின் ஊரைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ஐயாயிரம் மைல் கடந்து சென்ற நாம், சென்னையிலிருந்து சுமார் 85 கிலோ மீட்டரில் உள்ள திருத்தணியைப் பார்த்ததில்லை!

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகத் திருத்தணிக்கு ரயில் ஏறினோம். அடிவாரத்தில் சரவணப் பொய்கை. மேலே முருகன் சந்நிதி. இடையே வருஷத்தின் நாட்களுக்குக் கணக்காக 365 படிகள். டிசம்பர் 31-ந் தேதி படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து, பாடிக்கொண்டே ஏறுவார்கள். நாம் சென்ற அன்று ஒரு பாட்டியம்மாள் பேரனுக்குத் தெலுங்கிலே படி எண்ணிக்கொண்டு வந்தாள். பூக்காரி தமிழிலே விலை சொன்னாள். இருவருக்கும் இடையே பேரம் தடையின்றி நடந்தது.

இந்த ஊருக்காகப் பெரும் போராட்டமே நடந்ததுண்டு. 1953-ல் ஆந்திர ராஜ்யம் ஏற்பட்டபோது சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம. பொ. சிவஞானமும் தமிழாசிரியர் மங்கலங்கிழாரும் முன்னின்று கிளர்ச்சி செய்தார்கள்; பலர் சிறை புகுந்தார்கள். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி நம்மிடம் திரும்பியது.

அந்த எல்லைக்கோடு எதுவும் இல்லாத 1888-ல், செப்டம்பர் 5-ந் தேதி, இங்கே ஓர் எளிய தெலுங்குக் குடும்பத்திலே பிறந்தவர் ராதாகிருஷ்ணன். வசதி குறைவு. படித்து முடித்த உறவினர் ஒருவர் கொடுத்த புத்தகங்கள் தத்துவப் புத்தகங்களாக இருந்தபடியால், தத்துவமே அவர் படிப்பாயிற்று. அந்தப் படிப்பே அவரை ஆக்ஸ்போர்டுக்கும், 1962-ல் ராஷ்டிரபதி பதவிக்கும் அழைத்துச் சென்றது.

மலையிலிருந்து இறங்கியதும் அந்த முதியவருக்கு ஒரு கடிதம் எழுதினோம்: “ஐயா, தாங்கள் கேட்ட ஊரைப் பார்த்து வந்தோம். ஏற 365 படிகள். வழியெல்லாம் இரண்டு பாஷைகள். தங்கள் கேள்விக்குப் பதில் சொல்லத் தாமதமானதற்கு மன்னிக்கவும்.”